பதினாறு அங்குலம்

இன்று காலை என் மேஜையின் கீழ் இழுப்பறையைக் காலி செய்தேன். மீட்டர் டேப்புகள் வரப்போகின்றனவாம். பழைய அடி டேப்புகளையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அடியும் அங்குலமும் இனிமேல் கிடையாது என்பது டில்லியின் சட்டம். அந்த ஒரு விஷயத்தில் நகரசபை டில்லியோடு சண்டைக்குப் போகவில்லை. பென்சில் துண்டுகளுக்கும் காய்ந்த மசிக்கூட்டுக்கும் அடியில், தோல் உறை போட்ட நூறடி டேப் கிடந்தது. உறையைத் திறந்ததும் பழைய தோலும் எண்ணெய்த் துணியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. உனக்கு இந்த வாசனை தெரியாது. இந்த டேப்பை நீ கையால் தொட்டதே இல்லை. அதைச் சொல்லத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. நகரசபையின் குழாய் ஃபிட்டர்களில் உன்னைப் போல இன்னொருவன் அதற்குப் பிறகு வரவில்லை. நான் இன்னும் டோல்கேட்டுக்குப் பக்கத்து டிவிஷன் ஆபீசில் அளவுப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்து கடலுக்குப் போகாமல் குழாய்க்கு வந்தவன் நீ. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத வீட்டில் பிறந்து, பூசை முடிந்த கையோடு உன் குப்பத்தில் வந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவன் நான். நம் இரண்டு பேரையும் பார்த்து ஆபீசில் ஒட்டகமும் ஆட்டுக்குட்டியும் என்றார்கள். நீதான் ஒட்டகம். ஆறடிக்கு மேல் உயரம். கை இரண்டும் முழங்காலைத் தொடும் போலத் தொங்கும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது உனக்கு ஞாபகம் இருக்கும். பெரிய அதிகாரிகள் முதல் ரயிலில் ஏறினார்கள். நான் மூன்றாவது ரயிலில் ஏறினேன். நீ மட்டும் தோளில் வால்வுச் சாவியைப் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டையிலிருந்து துறைமுகம் வரைக்கும் நடந்து நடந்து தண்ணீர் திறந்துவிட்டாய். பட்டாளத்துக் கூடாரம், ரயில்வே லைன் வீடுகள், மூட்டை தூக்குகிறவர்களின் குடிசைகள் என்று எதையும் நீ பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து வெட்கத்தோடு நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"தண்ணிக்கு இன்னா மாமு தெரியும், யாரு ஓடிப்போனான், யாரு கீறான்னு? தொறந்தா வருது, மூடுனா நிக்குது."

குடியரசு வந்த பிறகு தண்ணீருக்கும் எல்லை தெரியவேண்டும் என்றார்கள். கடல் உங்கள் பழைய கரையைத் தின்றுவிட்டதால் உன் வீடு உட்பட ஐம்பது அறுபது குடிசைகள் துறைமுகச் சாலைக்கு அப்பால் வந்து ஒட்டிக்கொண்டன அல்லவா? அந்த நிலம் டில்லி சர்க்காரின் ஓர் இலாகாவுக்குச் சொந்தம். வார்டு மட்டும் நகரசபையுடையது. தேர்தலில் அந்தக் குடிசைகளின் ஓட்டு வேண்டும், ஓட்டுப் போட்டவன் தண்ணீர் கேட்டால் டில்லியைக் கேள் என்பார்கள். நீங்கள் ரயில் பாதை ஓரத்துப் பள்ளத்தில் மொண்டு குடித்தீர்கள். எஞ்சின் கழுவிய தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகத் தேங்கிய பள்ளம் அது.

நகரசபை எழுதிய கடிதங்களுக்கெல்லாம் நகல் எடுத்தவன் நான். ஊரின் சுகாதாரம் எங்கள் பொறுப்பு, நாங்கள் குழாய் போடுகிறோம், அனுமதி கொடுங்கள் என்று எழுதுவோம். மத்திய சர்க்கார் நிலத்தில் நகரசபையின் சட்டம் செல்லாது என்று பதில் வரும். நாங்கள் மாகாண சர்க்காருக்கு எழுதுவோம். அவர்கள் டில்லிக்கு எழுதுவார்கள். டில்லி அதை இங்கே இருக்கிற அதே இலாகா அதிகாரிக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கும். அவன் அதே ஒரு வரியை மறுபடியும் எழுதுவான். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

அவனுக்குக் குப்பத்தில் நீங்கள் வைத்த பெயர் கல்லு தொர. வெள்ளைக்காரன் போன பிறகு வந்த நம்மூர்க்காரன்தான். வந்த முதல் மாதமே நிலத்தைச் சுற்றிக் கல் நட்டு வெள்ளையடித்தான். கல்லுக்கு இந்தப் பக்கம் குழந்தை மலம் கழித்தால் நகரசபைக்கு நோட்டீஸ், அந்தப் பக்கம் கழித்தால் தாய்க்கு அடி. சலவை மடிப்புக் கலையாத கால்சட்டையோடு அவன் காலையில் கல்லை எண்ணிக்கொண்டு நடப்பதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அவன் மேல் எனக்கு இருக்கிற வெறுப்பு இன்னும் ஒரு துளி குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் ஜெபம் செய்ததும் இல்லை.

கடைசியில் நம் என்ஜினீயர்தான் வழி கண்டுபிடித்தார். சாலை நடுக்கல்லிலிருந்து அறுபத்திரண்டு அடி வரை சாலையோரம், நகரசபையின் நிலம். அதற்கப்பால் டில்லி. நாம் அறுபதாவது அடியில் குழாய் போடுவோம், ஜனங்கள் அவர்களாகவே கல்லைத் தாண்டி வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்றார். நீ அன்றைக்கு ஆபீசிலேயே விசில் அடித்தாய்.

குழாய் நட்ட அன்று காலை நடந்ததை இப்போது அப்படியே சொல்கிறேன். பத்து மணிக்குக் கவுன்சிலர் வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு நீ மண்வெட்டியோடு நின்றாய். நான் சைக்கிளில் வந்து இறங்கினேன். டேப் எங்கே என்று கேட்டாய். டேப் ஆபீசில் என் இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்தது. மறந்துவிட்டேன். போய்க் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. எனக்குச் சோம்பலாக இருந்தது. இதற்கு வேறு காரணம் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

"டேப்பு எதுக்குடா உனக்கு? கடல்ல பாகம் போட்டு ஆழம் பாக்கறவங்கதானே நீங்க? பத்துப் பாகம் அள. அறுபது அடி ஆச்சு" என்று சொன்னவன் நான்தான்.

நீ தயங்கினாய். "கடல்ல பரவால்ல மாமு. அங்க அடில மண்ணு கீதா, கல்லு கீதான்னு பாக்கத்தான். இங்க தொரயோட கல்லு கீதே."

"நான் எழுதிக்கறேன், நீ அள."

நடுக்கல்லில் ஒரு விரல் வைத்துக் கையை நீட்டினாய். கயிற்றைக் கையிலிருந்து கைக்கு மாற்றி மாற்றிப் பத்துப் பாகம் போட்டாய். அந்த இடத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நூறடி இடைவெளி, கண்ணால் எல்லைக்கோடு பிடிக்க முடியாது. விரித்த இரண்டு கையின் நீளம்தான் பாகம், கரையில் எல்லோருக்கும் ஒரு பாகம் என்றால் ஆறடி. உன் தாத்தாவும் அப்பாவும் வலைக்கயிற்றுக்கு அப்படித்தான் கணக்கு வைத்திருந்தார்கள். உன் கை மற்றவர் கையைவிட நீளம் என்பது இரண்டு பேருக்கும் அந்தச் சமயத்தில் உறைக்கவில்லை. உன்னை ஒட்டகம் என்று கூப்பிட்டவனுக்கே உறைக்கவில்லை. நான் அளவுப் புத்தகத்தில் 'அறுபது அடி, டேப்பால் அளக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாற்பது நாள் அந்தக் குழாயில் தண்ணீர் வந்தது. உன் வீட்டுக்காரி மீன் கூடையைக் கழுவி, தலைக்குக் குளித்து, பிறகு ஒரு குடம் எடுத்துப் போவாள். நீ வேலை முடிந்து வரும்போதெல்லாம் குழாய்க் கழுத்தைக் கையால் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாய். நாற்பத்தோராம் நாள் கல்லு தொர சர்வேக்காரனைக் கூட்டி வந்து அளந்தான். குழாய் அறுபத்து மூன்று அடி நாலு அங்குலத்தில் நின்றது. டில்லியின் நிலத்துக்குள் பதினாறு அங்குலம்.

சாதாரண ஆளாக இருந்தால் குழாயைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நடு என்று சொல்லியிருப்பான். அவன் கேஸ் போட்டான். நகரசபை முதல் எதிரி, நீ இரண்டாவது எதிரி. மத்திய சர்க்கார் நிலத்தில் அத்துமீறி நுழைந்து கட்டுமானம் செய்த குற்றம். இந்தக் கேஸில் ஜெயித்தால் பட்டணத்தில் எந்த இடத்திலும் நகரசபை தன் பக்கம் தலை வைத்துப் படுக்காது என்று அவன் கணக்குப் போட்டான்.

கோர்ட்டில் அளந்த விதத்தைக் கேட்டார்கள். நீ மறைக்கவில்லை. பாகம் போட்டேன் என்றாய். இலாகாவின் வக்கீல் திரும்பி மாஜிஸ்திரேட்டைப் பார்த்துப் புன்னகை செய்தார். கையை விரித்துக் காட்டச் சொன்னார். ஒட்டுப் போட்ட காக்கிச் சட்டையோடு நீ கூண்டுக்குள் இரண்டு கையையும் நீட்டி நின்றாய். சேவகன் டேப்பை உன் விரல் நுனியிலிருந்து விரல் நுனிக்குப் பிடித்தான். ஆறடி நாலு அங்குலம். கோர்ட் முழுக்கச் சிரிப்பு. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லு தொர கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். கையை இறக்கலாம் என்று யாரும் சொல்லாததால் நீ அப்படியே நின்றுகொண்டிருந்தாய்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தேன். இந்த ஆளுக்கு டேப் கொடுக்கப்பட்டதா என்று வக்கீல் கேட்டார். கொடுத்தேன் என்றால் உன்னை நம்பி அளவுப் புத்தகத்தில் எழுதியதாக ஆகும், கொடுக்கவில்லை என்றால் அது நான் தெரிந்தே எழுதிய பொய். என் வேலை போகும். கொடுத்தேன் என்றேன். "கொடுத்தேன், அவர் பயன்படுத்தவில்லை." இந்த மூன்று வார்த்தையைத்தான் உனக்கு எதிராகச் சொன்னேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று நீ பீடி பற்ற வைத்தாய். நான் பக்கத்தில் வரப் பயந்து நின்றேன். நீயே கூப்பிட்டாய்.

"வா மாமு. இன்னாத்துக்கு மூஞ்சிய அப்டி வச்சிகினு கீற? உனுக்கு ரெண்டு பொண்ணு கீது. எனுக்குக் கையி கீது, எங்க போனாலும் பொழைச்சிக்குவேன்."

அடித்திருக்கலாம் நீ. அந்த நீளக் கையால் ஓர் அறை விட்டிருந்தால் நான் இந்த ஐந்து வருஷமும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

தீர்ப்பு வந்த வாரமே குழாயைப் பிடுங்கினார்கள். உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிடுங்கின குழாயைச் சரியான இடத்தில் நட நகரசபைக்குத் தைரியம் இல்லை. மேல்முறையீடு முடியட்டும் என்று கோப்பைக் கட்டி வைத்தார்கள். குப்பம் மறுபடி பள்ளத்துக்குப் போனது. மழைக்குப் பிறகு பேதி வந்தது. முதலில் இரண்டு குழந்தைகள், அப்புறம் கிழவர் ஒருவர், அப்புறம் நீ. தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஜன்னல் கம்பிக்கு வெளியேதான் என்னை நிற்க விட்டார்கள். உன் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டாய். அதுதான் நான் கேட்ட உன் கடைசிப் பேச்சு.

உன் சாம்பலைக் கடலில் கரைத்த அன்று நான் கல்லு தொரைக்கு நாள் குறித்தேன். கத்தியோ கட்டையோ எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது அளப்பதும் எழுதுவதும்தான். அவன் எந்த அளவால் உன்னைக் கொன்றானோ அதே அளவால் அவனை அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் இந்த டேப்பை எடுத்துக்கொண்டு அந்த இலாகாவின் நிலத்தைச் சுற்றி வந்தேன். இந்த முறை டேப்பை மறக்கவில்லை. பழைய சாலை வரைபடங்களை ஸ்டோர் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். எட்டு மாதம் ஆனது. கிடைத்தான். அவன் குடியிருந்த பங்களாவின் முன்சுவரும், கார் ஷெட்டும், ரோஜாப் பாத்தியும் நகரசபைச் சாலைக்குள் மூன்றடி நுழைந்திருந்தன. அந்த அளவைப் படித்தபோது நடுச்சாலையில் நின்று சத்தமாகச் சிரித்தேன். லாரிக்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான்.

நோட்டீஸை நானே எழுதினேன். நகரசபைச் சாலையை ஆக்கிரமித்த சுவரை இடிக்கவும். எதிர்பார்த்த பதில் வந்தது. மத்திய சர்க்கார் கட்டடத்தைத் தொட நகரசபைக்கு அதிகாரமில்லை. கட்டடம் உங்களுடையது, அது நிற்கிற மூன்றடி எங்களுடையது என்று நாங்கள் எழுதினோம். உன்னைக் கூண்டில் நிறுத்திய அந்தப் பழைய தீர்ப்பிலிருந்தே வரி வரியாக எடுத்துக் காட்டினோம். எல்லை எல்லைதான், அங்குலமானாலும் அத்துமீறல் அத்துமீறல்தான் என்று மாஜிஸ்திரேட் எழுதியிருந்தாரே, அந்த வரி எனக்கு மனப்பாடம்.

இரண்டு வருஷம் கேஸ் நடந்தது. சுவரை அளந்தவன் என்று என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். இலாகாவின் வக்கீல் பழைய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "குழாய்க் கேஸில் ஃபிட்டரிடம் டேப் கொடுத்ததாகச் சாட்சி சொன்னவர் நீங்கள்தானே? அது உண்மைதானா?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்கு முன்பே தெரியும். நேற்றைய பொய்யை ஒத்துக்கொண்டால், பொய் சொல்லுகிறவனின் டேப்பை யார் நம்புவார்கள்? சுவர் நின்றுவிடும். கல்லு தொர வீட்டுக்குப் போய் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுவான். உன் பெயரா, நான் தீர்க்க வந்த பழியா என்று அந்த நிமிஷத்தில் தராசு வைத்துப் பார்த்தேன். பழிதான் கனமாக இருந்தது. உண்மைதான் என்றேன். அதே வேதப் புத்தகம், இரண்டாவது தடவை.

அடுத்துக் கல்லு தொரயை ஏற்றினார்கள். சுவரின் எல்லையை எப்படி அளந்தீர்கள் என்று நம் வக்கீல் கேட்டார். பங்களாவில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் நட்ட கல்லை நம்பினேன், நான் அளக்கவில்லை என்றான். கழுத்தில் வேர்வை இறங்கியது. கோர்ட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. கோட்டுப் போட்டவன் தப்பாக அளந்தால் சிரிப்பு வருவதில்லை போலிருக்கிறது. உனக்காக நான் சிரித்தேன். வாயைப் பொத்தாமல், வயிறு குலுங்கச் சிரித்தேன். மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். கோர்ட்டை அவமதித்ததற்காக, அது கலைகிற வரை சுவரோரமாக நிற்கச் சொன்னார். நின்றேன். அன்றைக்கு நான் செய்த இரண்டு காரியங்களில் சிரிப்புக்குத் தண்டனை கிடைத்தது. பொய்க்குக் கிடைக்கவில்லை.

ஜெயித்தோம். சுவர் இடிக்கிற நாளை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அவன் வராந்தாவில் உட்கார்ந்து காபி குடிக்கிற நேரத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போனேன். முதல் சம்மட்டி விழுந்ததும் அவன் கோப்பை தட்டில் ஆடியது. ரோஜாப் பாத்தியில் செங்கல் சரிந்தது. "யார் நீ?" என்று ஆங்கிலத்தில் கத்தினான். யார் என்று சொல்லவில்லை. உன் பெயரைத்தான் சொன்னேன். அவன் விழித்தான். அவனுக்கு அந்தப் பெயர் ஞாபகமே இல்லை. என் சந்தோஷத்தில் பாதியை அந்த விழிப்பு தின்றுவிட்டது. அந்த மாதக் கடைசியில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். மீதிப் பாதி அன்றைக்குக் கிடைத்தது.

சுவர் இடிந்த ஜோரில் நகரசபைக்கும் முதுகெலும்பு நிமிர்ந்தது. குப்பத்துக் குழாயை அறுபதாவது அடியில், டேப் போட்டு, மறுபடி நட்டோம். முதல் நாள் உன் வீட்டுக்காரி குடத்தோடு வந்தாள். தலைமயிர் நரைத்திருந்தது. குடம் நிறைந்தது. பிறகு சொன்னாள்:

"நல்லா கீதுண்ணா தண்ணி. அவுரு மட்டும் நீ குட்த்த டேப்ப எட்துகினு அளந்துருந்தா, அன்னிக்கே இப்டி வந்துனு இருந்துருக்கும். இன்னா பண்றது, புத்தி இல்லாத மன்சன்."

கோர்ட்டில் சொன்னதைக் கேட்டவர்கள் குப்பத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் நம்பியிருக்கிறாள். உன்னால்தான் குழாய் போயிற்று, உன்னால்தான் அந்தக் குழந்தைகள் செத்தன, உன்னால்தான் நீயே செத்தாய் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டே மீன் கூடை சுமந்திருக்கிறாள். குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். கோர்ட்டில் சொன்ன பொய்யைப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை. சாமியார் மன்னித்துவிடுவார் என்கிற பயம்தான்.

இன்று மதியம் டேப்பை ஸ்டோருக்குக் கொண்டு போகவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பெரியவளைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். சுவரில் முதுகை ஒட்டி, கோர்ட்டில் நீ நின்றது போல இரண்டு கையையும் விரித்தேன்.

"அஞ்சடி ஒம்பது அங்குலம்பா. எதுக்கு?" என்றாள்.

பத்துப் பாகம் போட்டால் ஐம்பத்தேழரை அடி. அன்று காலை உன்னை ஏவாமல், சோம்பல் படாமல், நானே இறங்கி அளந்திருந்தால் குழாய் நகரசபை மண்ணில் நின்றிருக்கும். கல்லு தொர என்ன கல் நட்டாலும் அதை அசைத்திருக்க முடியாது. நீ இன்றைக்கு அதன் கழுத்தைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாய்.

பழி வாங்கினேன் என்று இரண்டு வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். உன்னைக் கொன்ற இரண்டு பேரில் ஒருவனைத்தான் பழி வாங்கியிருக்கிறேன். மற்றவனைத் தப்பவிட எனக்கு மனமில்லை.

நாளைக் காலையில் இந்த டேப்பையும் இந்த மடலையும் எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போகிறேன். உன் வீட்டுக்காரி குழாயடிக்கு வருகிற நேரம் எனக்குத் தெரியும். மற்றப் பெண்களும் குடத்தோடு நிற்பார்கள். நிற்கட்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் முதலிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு அவள் என்ன செய்தாலும் தடுக்க மாட்டேன். கல்லு தொரைக்கு நான் ஓர் அங்குலம்கூட இரக்கம் காட்டவில்லை. அவளும் எனக்குக் காட்ட வேண்டாம்.